கூந்தலுக்கும் ஒரு சட்டம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆடையோடு தலைவாரலையும் சேர்த்தே அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். பெண்களின் கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்றொரு பெயரிட்டு, அதை ஐந்து வகையாக முடிக்கலாம் என்று சொன்ன மொழி நம்முடையது. தலையைப் படிய வாரி, எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கு வருவது நமக்கு நாள்தோறும் நடக்கும் காரியம். அதில் உரிமை என்றும் சட்டம் என்றும் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆனால், தலையைப் பின்னியிருந்த ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணுக்கு வேலை மறுக்கப்பட்டால் என்ன சொல்வோம்? “பின்னலை அவிழ்த்துவிட்டு வா, இல்லாவிட்டால் வகுப்புக்குள் வராதே” என்று ஒரு சிறுமியிடம் சொல்லப்பட்டால் என்ன செய்வோம்? அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பின மக்கள் பல்லாண்டுகளாக இத்தகைய சொற்களைக் கேட்டு வந்தனர். அதைத் தடுக்க 2019-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. ‘கிரௌன் சட்டம்’ என்பது அதன் பெயர். கூந்தலுக்குக்கூடவா ஒரு சட்டம் என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்குமுன் அச்சட்டம் பிறந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

முந்திக்கொண்ட மாநிலங்கள்

அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றுவது வாஷிங்டனில் கூடும் காங்கிரஸ் அவை. அதைத் தவிர 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றமும் ஆளுநரும் உண்டு. மத்தியச் சட்டம் வழங்கிய உரிமையை மாநிலம் குறைக்க முடியாது. ஆனால் கூட்டிக் கொடுக்கலாம். நம் கதைக்கு இந்தக் குறிப்பு மிகவும் தேவை.

1865-ஆம் ஆண்டில் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1868-இல் வந்த அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம், சட்டத்தின் பாதுகாப்பு எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்றது. ஆயினும் 1883-இல் உச்ச நீதிமன்றம், அத்திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஒரு தொழிற்சாலை முதலாளி, “உன் நிறத்தவருக்கு இங்கே வேலை இல்லை” என்று முகத்துக்கு நேரே சொன்னாலும், அவரைக் கேட்க வழியில்லாமல் போயிற்று.

இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில் படைக்கலத் தொழிற்சாலைகளில் ஆட்கள் தேவைப்பட்டனர். அங்கும் கறுப்பின மக்களுக்குக் கதவு அடைத்தே கிடந்தது. ரயிலில் படுக்கை வண்டிப் பணியாளர்களின் சங்கத் தலைவராக இருந்த ஏ. பிலிப் ராண்டால்ஃப், பெருங்கூட்டத்தைத் திரட்டித் தலைநகருக்கு ஊர்வலம் வருவோம் என்று அறிவித்தார். அதன் பயனாக, 1941 ஜூன் மாதத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், படைக்கலத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். ஆனால் அது போர்க்கால ஆணை. போர் முடிந்தபின் என்ன ஆகும் என்ற கேள்வி நின்றது.

அக்கேள்விக்கு முதலில் விடை கண்டது நியூயார்க் மாநிலம். 1945 மார்ச் 12-ஆம் நாள் ஆளுநர் தாமஸ் டூயி கையெழுத்திட்ட சட்டம், இனம், சமயம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி எவருக்கும் வேலை மறுக்கக்கூடாது என்றது. முறையீடுகளை விசாரிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. தனியார் வேலைகளில் பாகுபாட்டைத் தடுத்து ஒரு மாநிலம் இயற்றிய முதற்சட்டம் இதுவே. மனிதர் மனத்தைச் சட்டத்தால் மாற்ற முடியுமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். மனம் மாறும்வரை பசித்த வயிறு காத்திருக்க வேண்டுமா என்பதே அதற்கு விடை. நியூயார்க்கைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின.

மாநிலங்கள் இவ்வாறு நடந்து காட்டிய வழியில்தான், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 1964 ஜூலை 2-ஆம் நாள் நாடு முழுமைக்குமான குடியுரிமைச் சட்டம் வந்தது.

பட்டியலும் சொல்லும்

இச்சட்டங்கள் எல்லாம் ஒரு பட்டியலின்மேல் நிற்கின்றன. பட்டியலில் உள்ள சொல்லுக்கே பாதுகாப்பு உண்டு. இல்லாத சொல்லுக்கு இல்லை. 1945-ஆம் ஆண்டின் நியூயார்க் பட்டியலை மறுபடியும் பாருங்கள். இனம் உண்டு, சமயம் உண்டு, நிறம் உண்டு. பெண் என்பதற்காக வேலை மறுக்கக்கூடாது என்று ஒரு சொல்கூட இல்லை!

1964-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திலும், முதலில் எழுதப்பட்ட மசோதாவின் வேலை பற்றிய பகுதியில் அச்சொல் இல்லை. பிப்ரவரி 8-ஆம் நாள் வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித், ‘பால்’ என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார். அவர் அந்த மசோதாவையே எதிர்த்தவர். அவர் பேசியபோது அவையில் சிரிப்பொலி எழுந்தது. மிச்சிகன் மாநிலத்து உறுப்பினரான மார்த்தா கிரிஃபித்ஸ் என்னும் அம்மையார் எழுந்து, இந்தச் சிரிப்பே பெண்கள் எத்தனை தாழ்வாக எண்ணப்படுகிறார்கள் என்பதற்குச் சான்று என்னும் கருத்துப்பட வாதாடினார். திருத்தம் 168-க்கு 133 என்ற வாக்கில் நிறைவேறியது. இன்று அந்நாட்டுப் பெண்கள் வேலையில் சமநீதி கேட்டு நீதிமன்றம் செல்ல முடிகிறது என்றால், அன்று சிரிப்புக்கிடையே நுழைந்த அந்த ஒரு சொல் அதற்கு முக்கியமான காரணம்.

ஆக, பட்டியலில் ‘இனம்’ இருக்கிறது, ‘நிறம்’ இருக்கிறது. இனி என்ன குறை என்று நினைக்கலாம். குறை தலைமுடியில் வந்து நின்றது.

“பின்னலை மாற்றலாமே!”

ஒரு விமான நிறுவனத்தில் பணிபுரிந்த கறுப்பினப் பெண் ஒருவர், தலையோடு ஒட்டிய சிறு சிறு வரிசைகளாகத் தம் முடியைப் பின்னி வந்தார். அது நிறுவன விதிக்கு மாறானது என்றனர். வேலை நேரத்தில் பின்னல்களைக் கொண்டையாக முடிந்து, அதன்மேல் பொய்முடியைச் சுற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது. பொய்முடியால் தலைவலி வருகிறது என்று அவர் முறையிட்டார். 1981-இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புக் கூறிற்று. நிறம் பிறப்போடு வருவது. பின்னலோ பின்னினால் வருவது, அவிழ்த்தால் போவது. ஆகவே பின்னலைத் தடுப்பது இனப் பாகுபாடு ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்தன. 2010-இல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில், வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் விடை சொல்லும் வேலைக்கு ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முடியைத் திரித்துச் சடாமுடியாக வைத்திருந்தார். அதை வெட்டினால் வேலை என்றார் அலுவலர். அவர் மறுத்தார்; வேலை போயிற்று. தொலைபேசியின் மறுமுனையில் பேசுபவருக்குத் தலைமுடி தெரியுமா என்று நாம் கேட்கலாம். வேலைவாய்ப்பில் சமநீதிக்கான மத்திய ஆணையமே அவருக்காக வழக்குத் தொடுத்தது. எனினும் 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், மாற்ற முடியாத பிறவிக்கூறுகளுக்கே சட்டத்தின் காப்பு உண்டு, தலைவாரும் முறைக்கு இல்லை என்று முடிவு செய்தது.

சுருள்முடியின் இயல்பு

இத்தீர்ப்புகளைப் படிக்கும்போது, “மாற்றத்தக்கதுதானே, மாற்றிக்கொண்டால் என்ன?” என்று நமக்கும் தோன்றக்கூடும். இதற்கு விடை காண அந்த முடியின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஆப்பிரிக்க வழியினர் பலரின் முடி இறுகிய சுருளாக வளர்வது. நேரான முடியில் தலைத்தோலின் இயற்கை எண்ணெய் எளிதில் நுனிவரை இறங்கும். சுருளில் அது வளைவுக்கு வளைவு தடைப்பட்டு நிற்கும். ஆகவே சுருள்முடி விரைவில் வறண்டு, வாரும்போது முறியும். அதைக் காக்கவே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறு பின்னல்களாகப் பின்னியும், கற்றைகளாக முறுக்கியும், திரித்துச் சடையாக விட்டும் வந்திருக்கின்றனர். இவை முடியைக் காக்கும் முறைகள். அழகு பிறகு வருவது.

அந்த முடியை நேராக்க வேண்டுமானால் இரு வழிகளே பெரும்பாலும் கையாளப்பட்டன. ஒன்று, சூடேற்றிய இரும்புச் சீப்பால் இழுப்பது. மற்றொன்று, கடுங்காரம் கலந்த மருந்தைத் தடவுவது. சற்றுத் தவறினால் தலைத்தோல் வெந்துவிடும். முடியை நேராக்கும் மருந்துகளை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2022-இல் தெரிவித்தது. அம்மருந்தே காரணம் என்று அவ்வாய்வு முடிவு கட்டவில்லை. ஆயினும் எச்சரிக்கைக்கு அது போதும்.

இதில் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. 1786-இல் ஸ்பெயின் நாட்டு ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்தெபான் மிரோ, ஆப்பிரிக்க வழிவந்த சுதந்திரப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களைத் தாழ்த்திக் காட்டவே ஆணை பிறந்தது. அவர்களோ வண்ணத் துணிகளை எடுத்து, மடிப்பு மடிப்பாகச் சுற்றி, அதையே அழகிய தலையணியாக்கிக் கொண்டனர். கூந்தலுக்கு இட்ட கட்டளையின் நோக்கம் கூந்தல் மட்டுமன்று என்பதை இதனால் அறிகிறோம்.

மணிமுடிச் சட்டம்

கலிபோர்னியாவின் செனட் அவையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் உறுப்பினராக இருந்தவர் ஹாலி மிச்செல். அவரும் கறுப்பினப் பெண்மணி. தம் முடியைச் சடைகளாகத் திரித்து அணிபவர். அவர் கொண்டுவந்த 188-ஆம் எண் மசோதா, இரு அவைகளிலும் எதிர்ப்பு வாக்கின்றி நிறைவேறியது. 2019 ஜூலை 3-ஆம் நாள் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்டார். 2020 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இயற்கையான கூந்தலை மதித்து ஏற்கும் உலகைப் படைத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘கிரௌன்’ என்று பெயரிட்டனர். கிரௌன் என்றால் மணிமுடி. நம் தமிழிலோ ‘முடி’ என்ற ஒரே சொல் தலைமயிரையும் குறிக்கும், அரசர் சூடும் கிரீடத்தையும் குறிக்கும். அவர்கள் பெயர் சூட்டி உணர்த்தியதை நம் மொழி ஒரு சொல்லிலேயே வைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது.

இச்சட்டம் பட்டியலில் புதுச்சொல் எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த ‘இனம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தந்தது. வரலாற்றில் ஓர் இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்த கூறுகளும் ‘இனம்’ என்பதில் அடங்கும். முடியின் தன்மையும், பின்னல், சடை, முறுக்கு முதலிய காப்பு முறைகளும் அவற்றுள் சேரும் என்று எழுதியது. “பின்னலை மாற்றலாமே” என்ற பழைய வாதத்துக்கு அதனால் இடமில்லாமல் போயிற்று. வேலைக்கு மட்டுமன்றிப் பள்ளிகளுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

கலிபோர்னியாவுக்கு அடுத்து, அதே ஜூலை மாதத்தில் நியூயார்க் இயற்றியது. நியூ ஜெர்சியில் நடந்ததோ நெஞ்சை வருத்துவது. 2018 டிசம்பர் 19-ஆம் நாள் அங்கே பள்ளிகளுக்கிடையே மல்யுத்தப் போட்டி. 16 வயது மாணவன் ஒருவனிடம், சடைகளை வெட்டினால் ஆடலாம், இல்லாவிடில் தோற்றதாகக் கொள்வோம் என்றார் நடுவர். அனைவரும் பார்த்திருக்க, களத்தின் ஓரத்திலேயே அவன் முடி கத்தரிக்கப்பட்டது. அவன் போட்டியில் வென்றான். ஆனால் வென்ற முகமாக அது இல்லை. அக்காட்சியைப் படத்தில் கண்டு நாடே வெட்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 19-ஆம் நாளன்றே நியூ ஜெர்சியின் சட்டம் கையெழுத்தாயிற்று. 2020-இல் தென் மாநிலங்களில் முதலாவதாக வர்ஜீனியா சேர்ந்தது. 2024-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இவ்வகைச் சட்டம் கொண்டுவந்தன. காங்கிரஸின் கீழவையிலும் 2020-இலும் 2022-இலும் இது நிறைவேறியது. ஆனால் செனட் அவை இரு முறையும் நிறைவேற்றவில்லை. 1945-ஐப் போலவே மாநிலங்களே இங்கும் முந்திக்கொண்டன.

எல்லாருக்கும் ஒரே விதி

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் ஒரு கேள்வி கேட்கலாம். “பள்ளி என்றால் ஒழுங்கு வேண்டாமா? எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதானே சமத்துவம்?”

நியாயமான கேள்விதான். சீருடை எதற்காக வந்தது? செல்வர் வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற வேற்றுமை தெரியாதிருக்கவே வந்தது. அவ்வகையில் அது சமத்துவத்தின் தோழி. ஆனால், “எல்லாரும் ஐந்தாம் எண் செருப்பே அணிய வேண்டும்” என்று ஒரு விதி செய்ததாக வைத்துக்கொள்வோம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஐந்தாம் எண் கால் உடையவர் சுகமாக நடப்பார். ஏழாம் எண் கால் உடையவர் புண்பட்டு நடப்பார். புண்பட்டவரைப் பார்த்து, “விதிக்கு நீ ஏன் பணிய மறுக்கிறாய்?” என்று கேட்பது நீதியாகுமா?

‘படிந்த முடி’ என்ற விதியும் அத்தகையதே. நேரான முடியுடைய பெண் அதற்காகச் செலவிடுவது ஐந்து நிமிடமும் ஒரு சீப்பும். இறுகிய சுருள்முடியுடைய பெண்ணோ பணத்தையும் நேரத்தையும் செலவிட்டு, சில வேளை தலைத்தோலையும் பொசுக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தில் ஒன்றாக இருக்கும் விதி, தலைக்குத் தலை வேறாக விழுகிறது. விதியை எழுதியவர்க்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை; தம் தலையை மட்டும் நினைத்து எழுதியிருந்தாலே போதும்.

தக்க காரணமுள்ள விதிகளை இச்சட்டங்கள் விலக்கவில்லை. சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்பவர் முடியைக் கட்ட வேண்டும். சமையற்கூடத்தில் வலை அணிய வேண்டும். அது எவர் முடிக்கும் பொருந்தும் பாதுகாப்பு. அமெரிக்க இராணுவத்தைவிடக் கட்டுப்பாடு மிகுந்த இடம் ஏது? அங்கே 2014-இல் முறுக்குகளையும் சில பின்னல்களையும் தடுத்து வந்த விதியைப் பெண் வீரர்கள் எதிர்த்தனர். அவ்வாண்டே விதி தளர்த்தப்பட்டது. 2017-இல் சடைகளுக்கும் இடம் தரப்பட்டது. அதனால் படையின் ஒழுங்கு குலைந்துவிடவில்லை.

இன்னும் முடியாத கதை

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்க நமக்கு ஆசைதான். உண்மை அப்படி இல்லை. டெக்ஸாஸ் மாநிலத்தின் கிரௌன் சட்டம் 2023 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன், சடைகளை உச்சியில் கட்டியிருந்தும், அவிழ்த்துவிட்டால் விதித்த அளவைவிட நீளும் என்ற காரணத்தால் வகுப்பிலிருந்து விலக்கித் தனியே அமர்த்தப்பட்டான். வழக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் மாநில நீதிபதி, சட்டம் முடியின் வகையைத்தான் சொல்கிறது, நீளத்தைச் சொல்லவில்லை என்று கூறிப் பள்ளியின் விதி செல்லும் என்றார். மறுபடியும் ஒரு சொல்! எழுதப்படாத ஒரு சொல்லின் இடைவெளியில் ஒரு மாணவனின் படிப்பு விழுந்தது.

நம் நாட்டு அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவும் ஒரு பட்டியலே. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டி அரசு பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. அப்பட்டியலில் உடற்குறை என்ற சொல் இல்லை. அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. எந்த நாட்டிலும் பட்டியல் ஒரே நாளில் நிறைவதில்லை.

அது எப்படி வளர்கிறது? யாரோ ஒருவர் வாசலில் நிறுத்தப்படுகிறார். “இது முறையன்று” என்று அவர் சொல்கிறார். பல வேளை முதலில் தோற்கிறார். அலபாமாவில் வேலை இழந்த அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை. ஆனால் எங்கே சட்டத்தில் இடைவெளி இருக்கிறது என்பதை அவர் வழக்கு நாடறியக் காட்டிற்று. அந்த இடைவெளியை அடைத்தவர்கள் பின்னர் வந்த சட்டமன்ற உறுப்பினர்கள்.

மாணவியராகிய நாம் நாளை விதிகளுக்குப் பணிபவர்களாக மட்டும் இருக்கப்போவதில்லை. ஆசிரியையாக, அலுவலகத் தலைவியாக, மருத்துவமனை மேற்பார்வையாளராக, ஊராட்சி உறுப்பினராக விதிகளை எழுதுகிறவர்களாகவும் இருப்போம். அப்போது ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுவோம். இது எதற்காக? இதற்குப் பணிய எல்லாரும் ஒரே விலைதான் கொடுக்கிறார்களா? ஒருவரை மட்டும் புண்படுத்தாமல் இதே நோக்கம் நிறைவேற வேறு வழி இல்லையா? இக்கேள்விகளைக் கேட்க வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. நம்மைப் போன்றிராத ஒருவரின் தலையையும் நினைத்துப் பார்க்கும் மனம் இருந்தால் போதும். அம்மனத்தை இப்பள்ளி நாட்களிலேயே வளர்த்துக்கொள்வோமாக.